பிறந்த வீட்டுச் சாமி

மருந்து வேலை செய்தது. தொல்லையே அதில்தான் இருந்தது. வேலை செய்யாத மருந்தென்றால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம், யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. 417 அப்படியில்லை. முப்பது பேருக்குக் கொடுத்ததில் இருபத்தோரு பேருக்குக் கட்டி கரைந்துகொண்டிருந்தது. ஏழு பேருக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மீதி இரண்டு பேர், ஒன்பதாம் எண்ணும் இருபத்து மூன்றாம் எண்ணும், மாத்திரை விழுங்கிய மூன்றாவது மணி நேரத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்று செத்துப்போனார்கள்.

அந்த 417-ஐ வடிவமைத்தவள் தாட்சாயணி. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேதியியல் விஞ்ஞானி, நாற்பத்தொரு வயது. நானூற்றுப் பதினாறு மூலக்கூறுகளில் தோற்றுவிட்டு நானூற்றுப் பதினேழாவதில் ஜெயித்தவள். முதல் சாவு நடந்தபோது கண்காணிப்புக் குழு கூடிப் பேசியது. இரண்டாவது சாவுக்கும் பேசியது. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, இருவரும் பீடி குடித்தவர்கள், தற்செயல், சோதனை தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டது. தற்செயலாம்! தாட்சாயணிக்கு அந்த வார்த்தையைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

மதுரையிலிருந்து டாக்டர் ஹபீப் போன் செய்திருந்தார். புற்றுநோய் மருத்துவமனையில் இந்தச் சோதனையை நடத்துபவர் அவர்தான். "குழு என்ன வேணா சொல்லட்டும். செவ்வாய்க்கிழமை முப்பத்தோராம் நம்பருக்குக் கொடுக்கணும். எனக்கு மனசு சரியில்ல. நீங்க நேர்ல வாங்க" என்றார். செவ்வாய் காலை ஏழு மணிக்கெல்லாம் அவள் மூன்றாவது மாடியில் நின்றாள்.

முப்பத்தோராம் எண் ஒரு பெண், நுரையீரலில் கட்டி. வேறு எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. அவள் ரத்தத்திலிருந்தே எதிர்ப்புச் செல்களை எடுத்து, மூன்று வாரம் வளர்த்து, உறையவைத்து வைத்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு அதை நரம்பில் ஏற்ற வேண்டும். ஏற்றிய நான்கு மணி நேரத்துக்குள் 417 உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் கட்டி அந்தச் செல்களை மயக்கிப் படுக்கவைத்துவிடும். இன்னொரு தடவை வளர்க்க அவள் உடம்பில் தெம்பும் இல்லை, நாளும் இல்லை.

தாட்சாயணி செத்துப்போன இருவரின் கோப்புகளையும் நர்சுகள் அறையில் பரப்பி வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வேறு மருந்து? இல்லை. சர்க்கரை? ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்கு இல்லை. சாப்பாடு, ரத்த வகை, தொழில், எதுவும் ஒத்துப்போகவில்லை.

தலைமை நர்ஸ் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், யாருக்கும் பயப்படாத முகம். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. அந்த மாத்திரை உள்ள போயி அப்படி என்னதான் செய்யுது? ஆறு மாசமா என் கையாலதான் கொடுக்கேன், எனக்கே தெரியாது."

"நம்ம எதிர்ப்புச் செல்லுல ஒரு பிரேக் இருக்கு சிஸ்டர். கைனேஸ்னு ஒரு புரதம். புத்துக்கட்டி அந்தப் பிரேக்கை அமுக்கிப் பிடிச்சுக்கும். அப்புறம் செல்லு கட்டிக்குப் பக்கத்துல போய் நின்னாலும் ஒண்ணும் செய்யாது. என் மாத்திரை அந்தப் பிரேக்கோட பொந்துல போய் உக்காந்துக்கும். பிரேக் பிடிக்காது. செல்லு பாய்ஞ்சிடும்."

"அது நெஞ்சுக்குள்ள ஏன் போச்சு?"

"அதான் புரியல. உடம்புல இந்த மாதிரி கைனேஸ் ஐநூத்துச் சொச்சம் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே சாயல்ல பொந்து. இதயத்துல இருக்கிற ஒண்ணு நம்ம பிரேக்குக்கு இரட்டைப்பிள்ளை மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம், அதோட வாசல்ல பெருசா ஒரு முட்டு நிக்கும். அந்த முட்டுல இடிச்சு உள்ள நுழைய முடியாதபடிதான் மாத்திரைய அமைச்சேன். அதுக்கே மூணு வருஷம் ஆச்சு. ஐநூறுலயும் சோதிச்சுப் பார்த்தாச்சு, வேற எதையும் தொடவேயில்ல."

"அந்த ஐநூறையும் யாரு உடம்புலேர்ந்து எடுத்தீய?"

தாட்சாயணி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். "யார் உடம்புலேர்ந்தும் இல்ல. பொதுவா ஒரு மாதிரி வச்சிருக்காங்க. உலகம் பூரா எல்லாரும் அதை வச்சுதான் சோதிக்கிறோம்."

"அப்ப எங்க பக்கத்து ஆளுக யாரும் அதுல இல்ல." நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நோயாளி பேரைக் கம்பெனிக்காரங்ககிட்டச் சொன்னா என் வேலை போயிரும், கையெழுத்து வாங்கியிருக்கீய. ஆனா சாமி பேரைச் சொல்லலாம்லா?"

"என்ன சாமி?"

"எம் பேரு முப்பிடாதி. எதுக்கு இந்தப் பேரு? எங்க குலதெய்வம் முப்பிடாதி அம்மன். எங்க பக்கம் தலைப்பிள்ளைக்குச் சாமி பேருதான் வைப்பாக. தென்காசிக்குக் கிழக்க ஒரு குளத்தங்கரையில ஒரு சாமி இருக்காரு, கரைகாத்த அய்யன். அவரைக் கும்பிடுறவுக முந்நூறு குடும்பம் இருந்தா சாஸ்தி. ஒன்பதும் சரி, இருபத்து மூணும் சரி, ரெண்டு பேருக்கும் அந்த அய்யன் பேருதான் மேடம். வேற ஒருத்தரும் அந்தப் பேருல இந்த வார்டுக்கு வரல."

"சொந்தக்காரங்களா?"

"ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கக்கூட மாட்டாக. ஆனா ஒரே சாமின்னா ஒரே பாட்டன் வழிலா. அதனாலதான அவுகளுக்குள்ள பொண்ணு குடுத்து எடுக்கிறதில்ல."

தாட்சாயணி கோப்புகளைப் பார்த்தாள், எல்லாம் எண்கள். யாருடைய அந்தரங்கமும் வெளியே போய்விடக்கூடாது என்று பெயர்களையெல்லாம் எண்களாக்கியது அவர்கள் கம்பெனிதான். ரொம்ப ஒழுங்கான வேலை. முப்பது பேரைப் பற்றி ஆறாயிரம் விவரம் சேர்த்திருந்தார்கள், விடை இருந்த ஒரே விவரத்தைத் தங்கள் கையாலேயே அழித்திருந்தார்கள்.

இருவரின் ரத்தமும் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தது. எட்டேகாலுக்கு அதை மரபணு இயந்திரத்தில் போட்டாள். இதயத்திலிருக்கும் அந்த ஒரு கைனேஸை மட்டும் படிக்கச் சொன்னாள். அதற்கே நான்கு மணி நேரம் ஆகும், ஒரு தடவைக்கு இரண்டு ரத்தம்தான் போட முடியும். ஹபீபிடம் ஓடினால் அவர் கையை விரித்தார்.

"செல்லை உருக்கியாச்சு தாட்சாயணி. திரும்ப உறைய வைக்க முடியாது. ஒன்பது மணிக்கு ஏத்திடறேன். மாத்திரைக்கு ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள எனக்கு ஏதாவது சொல்லுங்க."

பன்னிரண்டு இருபதுக்கு முடிவு வந்தது. இருவருக்கும் அந்த முட்டே இல்லை. பெரியது நிற்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒன்று நின்றது. எந்தக் காலத்துப் பாட்டனின் மரபணுவிலோ தொடங்கிய ஒற்றை எழுத்து மாற்றம். இத்தனை நூறு வருஷம் யாருக்கும் அதனால் தலைவலிகூட வந்ததில்லை, 417 என்று ஒரு மாத்திரை வரும்வரைக்கும். தாட்சாயணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரை நான்தான் கொன்றேன் என்று அப்போதுதான் முதல் முறையாகத் தனக்குத்தானே முழுசாகச் சொல்லிக்கொண்டாள்.

உட்கார நேரமில்லை. முப்பத்தோராம் எண்ணின் ரத்தத்தையும் இயந்திரத்தில் போட்டார்கள். அது நாலரைக்குத்தான் சொல்லும். மாத்திரைக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.

"சாமி யாருன்னு கேட்டா போதுமே" என்றாள் முப்பிடாதி.

ஹபீப் யோசித்தார். "மருத்துவப் படிப்புல இதைச் சொல்லித்தரல. சரி, கேளுங்க."

முப்பிடாதி போய்விட்டு இரண்டு நிமிஷத்தில் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். "எல்லைக்கருப்பனாம். ராஜபாளையத்துப் பக்கம். நம்ம அய்யனுக்கும் அதுக்கும் சம்பந்தமேயில்ல டாக்டர்."

மூவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஹபீப் மாத்திரைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். முப்பிடாதி மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு நோயாளியிடம் கொடுத்துவிட்டு வந்து, அவளுடைய ஃபைலை மூடியபடி, "புருஷங்காரர் பேரு அய்யாத்துரை. அவுக வீட்டு ஆளுக எல்லாருமே எல்லைக்கருப்பனுக்குத்தான் கெடா வெட்டுவாகளாம்" என்றாள்.

அவுக வீட்டு ஆளுக.

தாட்சாயணியிடம் யாராவது குலதெய்வம் எது என்று கேட்டால் என்ன சொல்வாள்? பதினாறு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருப்பது கணவன் வீட்டுச் சாமியைத்தான். கழுத்தில் தாலி ஏறிய அன்றோடு சாமியும் மாறிவிடுகிறது. முப்பிடாதிக்கும் அப்படித்தான், பெயரில் மட்டும் பழைய அம்மனை வைத்துக்கொண்டு புருஷன் ஊர்க் கோயிலில் பொங்கல் வைக்கிறாள். கல்யாணமான இரண்டு பெண்கள் கூடி, கல்யாணமான இன்னொருத்தியிடம் கேட்டு, வந்த பதிலை இரண்டு பேருமே அப்படியே நம்பிவிட்டார்கள். சாமி மாறும், ரத்தம் மாறுமா? கூறுகெட்ட ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டு தாட்சாயணி ஓடினாள்.

முப்பத்தோராம் எண்ணின் பெயர் செண்பகவடிவு. வயது நாற்பத்தாறு, தையல்காரி. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. இன்னொரு கையில் தண்ணீர்.

"போடாதீங்க!" கத்திவிட்டு தாட்சாயணி மூச்சு வாங்கினாள். "அம்மா, ஒரே ஒரு கேள்வி. எல்லைக்கருப்பன் உங்க வீட்டுக்காரர் சாமிதானே? நீங்க பிறந்த வீட்டுல எந்தச் சாமி?"

செண்பகவடிவு விரல்களை மடக்கி மாத்திரையை மூடிக்கொண்டாள்.

"கட்டிக் குடுத்த பொம்பளைகிட்ட சாமி எதுன்னு கேட்டா புருஷன் வீட்டுச் சாமியத்தான் சொல்லணும். நான் பொய் சொல்லலயே."

"பிறந்த வீட்டுச் சாமி?"

"கரைகாத்த அய்யன்" என்றாள் செண்பகவடிவு, ஏதோ கடை பெயரைச் சொல்வதுபோல.

"அதைச் சொன்னா மாத்திரை தரமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்க பெரியப்பா மகன் போன மாசம் இதே மாடியிலதான் நெஞ்சு நின்னு செத்தாரு. இன்னிக்கி வந்து உன் சாமி யாருன்னு கேக்குறீக. ஆஸ்பத்திரியில எவனாச்சும் சாமி கேப்பானா? தையல்காரிக்குக் கூறு இருக்காதுன்னு நெனச்சீகளா?"

தாட்சாயணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்க அப்பாகிட்ட அந்தக் கோளாறு இருந்தாலும் உங்களுக்கு வந்திருக்கணும்னு கட்டாயம் இல்ல. பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. நாலரைக்குத் தெரிஞ்சிடும்."

"ஒரு மணிக்குள்ள போடணும்ல?"

"ஆமா."

"பாதிக்குப் பாதி." செண்பகவடிவு மெதுவாகச் சிரித்தாள். "பெரிய டாக்டர் நான் பொழைக்க நூத்துக்கு நாலுதான்னு சொல்லியிருந்தாரு. நூத்துக்கு அம்பதுன்னா எனக்கு யோகந்தான். மேடம், நீங்க வாயைத் தொறக்காம இருந்தா போதும். நான் முழுங்கிருவேன். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு நாற்பத்தெட்டு காட்டியது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிழைத்தால் சந்தோஷம், செத்தால் தற்செயல். தாட்சாயணிக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அந்த ஆசையை நினைத்து அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

"சொல்லாம இருந்தா, உங்க நெஞ்சு நிக்கிறப்ப அங்க ஒருத்தரும் தயாரா இருக்கமாட்டாங்க" என்று எழுந்து, கதவைத் திறந்து, "டாக்டர்!" என்று கூப்பிட்டாள்.

"பாவி மகளே" என்றாள் செண்பகவடிவு. கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. "உன் மாத்திரைதான. ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே."

ஹபீப் வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் கையை நீட்டினார். "மாத்திரையைக் கொடுங்கம்மா."

செண்பகவடிவு கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"முடியாது தாட்சாயணி. தெரியாம கொடுத்தேன்னா அது வேற. தெரிஞ்சுக்கிட்டே கொடுத்தா அதுக்குப் பேரே வேற" என்றார் ஹபீப்.

"டாக்டர், அந்த ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? மூணாவது மணி நேரத்துல துடிப்பு குழம்புச்சு. நாம அதுக்கப்புறம் ஓடினோம். ஆனா 417 இதயத்துல போய்ச் சேர்ந்தா ரெண்டு மணி நேரத்துக்கு மேல தங்காது, அதுக்கு நான் பொறுப்பு. அந்த ரெண்டு மணி நேரத்தை வெளியிலேர்ந்து பேஸ்மேக்கர் வச்சு ஓட்ட முடியுமா முடியாதா?"

"இதயத்துக்குள்ள அதோட கம்பி வைக்கவே அரை மணி நேரம் ஆகும்."

"மூணு மணி நேரம் இருக்கே. மாத்திரையை இப்பக் கொடுங்க, கம்பியை அப்புறம் வைங்க."

ஹபீப் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. "கம்பி வச்சாலும் பிழைப்பாங்கன்னு உறுதியில்ல."

"எனக்கு உறுதி வேணாம்யா" என்றாள் செண்பகவடிவு. "எனக்கு சாகப் பிடிக்கல. அம்புட்டுதான். எதுல கையெழுத்துப் போடணும், கொண்டாங்க."

முப்பிடாதி தாளைக் கொண்டுவந்தாள். ஆபத்து இன்னதென்று ஹபீப் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள். புருஷன் அய்யாத்துரை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவன், அவள் பார்த்தபோது மட்டும் தலையை ஆட்டினான். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் மாத்திரையை விழுங்கினாள்.

கழுத்து நரம்பு வழியாகக் கம்பியை இறக்கி முடித்தபோது மணி இரண்டு. மூன்று மணிவரை ஒன்றுமில்லை. மூன்றரைக்கும் ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதியில் நல்ல பாதி போலிருக்கிறது என்று தாட்சாயணி கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியிருந்தாள். மூன்று ஐம்பதுக்குத் திரையில் கோடு நெளிந்தது. ஒரு துடிப்பு தாமதித்தது. அடுத்தது வரவேயில்லை. இயந்திரத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

ஹபீப் பேஸ்மேக்கரை முடுக்கினார். துடிப்பு வந்தது, குழம்பியது, மறுபடி பிடித்தது. நாலேகாலுக்கு இரண்டு தடவை அதிர்ச்சி கொடுக்க வேண்டியிருந்தது. முப்பிடாதி ஊசிகளை வாங்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, எந்தச் சாமியிடம் என்று யாரும் கேட்கவில்லை. தாட்சாயணி சுவரோடு ஒட்டி நின்றாள். தான் மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பொருள், அந்தப் பெண்ணின் இதயத்தில் நுழையக்கூடாத பொந்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியே வந்து தொலை, வந்து தொலை என்று அதைக் கெஞ்சுவதைத் தவிர அவளால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஹபீப் பேஸ்மேக்கரின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். இதயம் தானாகவே துடித்தது. முழுக்க அணைத்தார். துடித்தது.

"செல்லும் முழிச்சுக்கிட்டிருக்கு. ரத்தத்துல நல்லாத் தெரியுது" என்றார். முப்பிடாதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தாட்சாயணி வராந்தாவுக்கு வந்து சென்னைக்குப் போன் போட்டாள். கம்பெனியின் இயக்குநர் ரங்கநாதன் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் குரலில் உற்சாகம் ஏறியது.

"பிரமாதம் தாட்சாயணி! காரணம் தெரிஞ்சுபோச்சு, அதுதானே வேணும்? அந்தச் சாமியைக் கும்பிடறவங்களுக்கு மருந்து இல்லைன்னு படிவத்துல ஒரு வரி சேர்த்துடுவோம். கல்யாணம் ஆனவங்ககிட்ட பிறந்த வீட்டுச் சாமியையும் கேட்டுடுவோம். முந்நூறு குடும்பம்தானே? சோதனையை நிறுத்தவே வேண்டாம். நாளைக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில முப்பத்திரண்டாம் நம்பர் இருக்கு, கொடுத்துடலாம்."

"நாளைக்கா சார்? எல்லாருக்கும் மரபணு பார்த்துட்டு..."

"அதுக்கு அங்க இயந்திரம் இல்லையேம்மா. ஆறு வாரம் தள்ளிப்போகும். ஆறு வாரத்துல எத்தனை பேர் போவாங்கன்னு உனக்கே தெரியும். யோசிச்சுச் சொல்லு, லைன்லயே இருக்கேன்."

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. களைத்துப்போயிருந்தாள், பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அய்யாத்துரை அவள் எதிரே வந்து கைகூப்பி நின்றான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உசுரைக் காப்பாத்திக் குடுத்துட்டீக தாயி. அவ என் மாமன் மக. சின்னப் பிள்ளையிலேர்ந்து இவளைத்தான் கட்டுவேன்னு நின்னு கட்டினேன்."

தாட்சாயணி போனைக் காதிலிருந்து இறக்கினாள். "மாமன் மகன்னா? உங்க அம்மா கூடப் பிறந்தவர் மகளா?"

"ஆமா தாயி. எங்கம்மாவும் அந்த அய்யன் வீட்டுல பொறந்தவதான். எங்கம்மாகூடப் பொறந்ததுக மட்டும் ஆறு பொட்டப்பிள்ளைக. ஒண்ணு தேனி, ஒண்ணு கோயமுத்தூரு, ஒண்ணு திருச்சி, ஆளுக்கொரு தெசையில வாக்கப்பட்டுப் போயிருச்சுக."

"அவங்க பிள்ளைங்களெல்லாம் எந்தச் சாமி?"

"அவுக அவுக அப்பன் சாமிதான். அய்யன் கோயிலுக்கு அதுக எதுக்கு வருதுக?" அய்யாத்துரைக்கு இந்தக் கேள்வி எதற்கென்று விளங்கவில்லை. "எம் மகளுக்கே அந்தக் கோயில் எங்க இருக்குன்னு தெரியாது."

தாட்சாயணி போனை மறுபடி காதில் வைத்தாள்.

"சார், நாளைக்கு யாருக்கும் மாத்திரை கிடையாது."

"ஏம்மா? அந்தச் சாமிக்காரங்களைத்தான் விட்டாச்சே?"

"அந்த முந்நூறு வீட்டுல நூறு நூறு வருஷமா பிறந்த பொண்ணுங்க எங்கெங்க வாக்கப்பட்டுப் போனாங்கன்னு உங்ககிட்ட பட்டியல் இருக்கா சார்?"

ரங்கநாதனின் குரலில் இருந்த உற்சாகம் இறங்கியிருந்தது.

"என் பாட்டி எந்த வீட்டுப் பொண்ணுன்னே எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.